மூன்றாம் மாடி ரோசம்

காசிவிஸ்வநாதன் வெளியேறிவிட்டார் என்று கைப்பேசி சொன்னது.

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவித்தலுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் அந்த ஒரு வரி கிடந்தது.

"சுகிர்தம், இஞ்ச ஒருக்கா வாரும். காசி குரூப்பை விட்டுப் போயிட்டார்."

குசினிக்குள் இருந்து மனைவியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"கை தவறி அமத்துப்பட்டிருக்கும்."

"கை தவறினா, 'உண்மையாப் போகப் போறீரா' எண்டு ஃபோன் ஒருக்காக் கேக்கும். ஓம் எண்டு சொல்லித்தான் போயிருக்கிறார்."

வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடிக் கட்டடம் அது. பதினெட்டு வீடுகள். நாலாம் மாடியில் யோகநாதன். அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, யாரும் வாசிக்காத கோப்புகளுக்குள் போட்ட கை சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று குரூப்பில் எழுதுவார். 'வெள்ளிச்சொல்' என்று பெயரும் வைத்திருந்தார். பதினொரு பேர் பெருவிரலை உயர்த்துவார்கள். ஒருவர் தண்ணீர் மோட்டர் எப்போது திருத்துவார்கள் என்று கேட்பார்.

அந்த வெள்ளி அவர் எழுதிய சொல் 'ரோசம்'.

"வடமொழியில் ரோஷம் என்றால் வெறும் கோபம்," என்று தொடங்கியிருந்தார். "தமிழுக்குள் வந்தபின் அதன் குணம் மாறிவிட்டது. கோபம் வந்தவன் கத்துவான். ரோசம் வந்தவன் கதைக்கமாட்டான். கோபத்துக்குக் காரணம் கேட்டால் சொல்வான். ரோசத்துக்குக் காரணம் கேட்டால் ரோசம் கூடும். உதாரணம்: கலியாண மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் ஒருவரை, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சொல்லி எழுப்புகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே எழும்புகிறார். பின்வரிசையில் பத்து நிமிடம் இருக்கிறார். பிறகு சாப்பிடாமலே வீடு போகிறார். ஏன் என்று கேட்டால் வயிறு சரியில்லை என்பார். அந்த வயிற்றுக்குப் பெயர்தான் ரோசம்."

எழுதி முடித்ததும் அவருக்கே பிடித்திருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

சுகிர்தம் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து அதை வாசித்தாள்.

"இது காசியண்ணையை எழுதினதோ?"

"அவரை ஏன் நான் எழுதிறன்?"

"போன மாசம் பம்பலப்பிட்டிக் கலியாணத்தில அவர் சாப்பிடாமல்தானே வந்தவர். கேட்டதுக்கு வயிறு சரியில்லை எண்டவராம். அவற்ர மனுசி சிகப்பி சொன்னவ."

யோகநாதன் தான் எழுதியதை மறுபடி மேலிருந்து வாசித்தார்.

காசிவிஸ்வநாதன் மூன்றாம் மாடிக்காரர். புறக்கோட்டையில் தகப்பன் காலத்துப் புடைவைக் கடை. இப்போது மகன் பார்க்கிறான். பத்தொன்பது வருடமாக இருவரும் காலை ஐந்தரைக்குக் கீழே வாசல் கேட்டடியில் சந்தித்து, மரைன் டிரைவில் தெஹிவளைப் பக்கம் நடப்பார்கள். நடப்பார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கால் மணி நேரம் நடந்து, அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்து, காலி வீதித் தேத்தண்ணிக் கடையில் முடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு உளுந்து வடை, ஒரு சீனிச் சம்பல் பணிஸ், பால் தேத்தண்ணி. வியாழக்கிழமைகளில், மறுநாள் எழுதப்போகும் சொல்லை யோகநாதன் முதலில் காசிக்குத்தான் சொல்லிக் காட்டுவார்.

யோகநாதனுக்குக் கனடாவில் இரண்டு பிள்ளைகள் உண்டு. எட்டு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஆனால் வாயில் வந்ததை யோசிக்காமல் சொல்ல இருந்த ஒரே ஆள் காசிதான். அந்த ஆளை இழந்துவிட்டால் காலை ஐந்தரை மணியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கேட்டடியில் காசி இல்லை. வாட்ச்மேன் கொட்டாவியோடு, "மஹத்தயா கலின் கியா" என்று பம்பலப்பிட்டிப் பக்கம் கையைக் காட்டினான். நேரத்தோடேயே போய்விட்டார், அதுவும் எதிர்ப் பக்கம், அதுவும் தனியாக. ரோசம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது என்று யோகநாதனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டார்.

"நேரில போய்க் கதைச்சிட்டு வாறன்," என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

"இப்ப போகாதேங்கோ," என்றாள் சுகிர்தம். "நீங்களாப் போனா அது அவரைத்தான் எழுதினது எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி. குரூப்பில ஒரு விளக்கம் போடுங்கோ. ஆரோ அவருக்குக் காட்டுவினம்."

அது நியாயமாகப் பட்டது. அவர் எழுதினார்: "வெள்ளிச்சொல்லில் வந்த உதாரணம் இந்தக் கட்டடத்தில் வசிக்கும் எவரையும் குறிப்பதல்ல."

சுகிர்தம் தோளுக்கு மேலால் பார்த்தாள். "பொதுவா எழுதினா அவருக்கு எப்பிடி மனம் ஆறும்? மூண்டாம் மாடி எண்டு போடுங்கோ."

"பேர் சொல்ற மாதிரி ஆகாதே?"

"பேரில்லையே. மாடிதானே."

முப்பத்திரண்டு வருடம் அரசகரும மொழியில் புழங்கிய மனிதர். இருந்தும், "குறிப்பாக மூன்றாம் மாடியில் வசிப்பவர்களை" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டார்.

வெள்ளிச்சொல் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் குரூப் இப்படிக் கொதித்ததில்லை. மூன்றாம் மாடியில் யார் சாப்பிடாமல் வந்தது என்று முதலாம் மாடி கேட்டது. எந்த மண்டபம் என்று ஐந்தாம் மாடி கேட்டது. மூன்றாம் மாடியில் மொத்தமே மூன்று வீடுகள். அதில் ஒன்று பூட்டிக் கிடப்பது. அந்தப் பூட்டிய வீட்டுக்காரர் லண்டனில் இருந்து, "எங்களையா சொல்லுறியள்? நாங்கள் சாப்பிட்டுத்தானே வந்தனாங்கள்" என்று எழுதினார். காசியைத் தவிர அத்தனை பேரும் வாசித்தார்கள்.

அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் மர்ஸூக் நின்றார். மூன்றாம் மாடியின் மூன்றாவது வீடு, பாமஸிக்காரர், சிரித்த முகத்தோடு பிறந்தவர். இப்போது அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

"யோகநாதன் அண்ணன், நான் தெஹிவள வலீமா விருந்துல சாப்புடாம வந்தது ஒங்களுக்கு யாரு சென்ன?"

"ஐயோ மர்ஸூக், நீங்களும் சாப்பிடேல்லையா?"

"மொத வரிசையில இருந்தவன எழுப்பி, ஃபேனும் இல்லாத எடத்துல போட்டா எப்புடிச் சாப்புடுற? வகுறு செரியில்லன்னு சென்னேன். பொஞ்சாதி ஸமீமாவுக்குக் கூட உண்மை தெரியா. இப்ப குரூப்ல பாத்துட்டு, 'இது நீங்க தானே'ன்னு கேக்குறா."

யோகநாதன் தலையில் கை வைத்தார். அவர் உதாரணம் ஒன்றுதான் எழுதினார். கொழும்பில் பாதிப் பேர் அதை வாழ்ந்திருந்தார்கள்.

மர்ஸூக்கை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, சத்தியம் செய்து, காசியின் கதையையும் சொன்னார். மர்ஸூக் நல்ல மனிதர். தன் துக்கத்தை மறந்து, "நான் போய்ப் பேசுறன். இது ஒரு வெசயமா?" என்று எழுந்து போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னவர்?"

"அவர் மனசு ஆறட்டுமேன்னு, 'அது நீங்க இல்ல, நான்தான்'ன்னு சென்னேன்."

"நல்ல வேலை செய்தீங்கள். அதுக்கு?"

"இன்னும் மொகம் சொருங்கிப் போச்சு. 'மர்ஸூக்கப் பத்தி எழுத எடம் இருக்கு, பத்தொம்பது வருஷம் கூட நடந்தவனப் பத்தி எழுத எடமில்லயா'ன்னு கேக்குறார்."

அப்படிச் சொல்லி, ஒரு காகிதத்தையும் நீட்டினார். நாட்காட்டியில் கிழித்த தாள். பின்பக்கத்தில் காசியின் கையெழுத்து: "ரோசம் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். உப்பு போட்டுச் சாப்பிடுகிறவனுக்கு இருக்க வேண்டியது அது. அகராதிக்குள் தேடுகிறவனுக்குக் கிடைக்காது."

யோகநாதன் அதை வாசித்தார். நல்ல வரி என்று உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளன் ஒப்புக்கொண்டான். தனக்கு இப்படி ஒன்று வரவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பொருள் பற்றிப் பதில் எழுதத்தான் பேனையை எடுத்தார். ஆனால் அது சிவப்புப் பேனை. கை பழைய பழக்கத்தில், "உப்பு போட்டு" என்பதற்கு நடுவில் ஒரு 'ப்' சேர்த்து வட்டமிட்டது. அதன் கீழ், "கருத்து நன்று. இது ரோசத்தின் பொருளல்ல, பயன்" என்று எழுதினார். மடித்து மர்ஸூக்கிடம் கொடுத்தார்.

மர்ஸூக் இந்த முறை மூன்று நிமிடத்தில் திரும்பினார்.

"அண்ணன், இனி இதுக்கு ஐ.நா.வுக்குத்தான் செல்லோணும். ஒத்துப் பிழையெல்லாம் திருத்தியா சமாதானம் பேசுற?"

பிழை தன்னுடையது என்று யோகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலி வீதிக்குப் போய் நல்ல நெய் லட்டு ஒரு டசின் வாங்கி வந்தார்.

"இனிப்பு எதுக்கு?" என்று சுகிர்தம் பதறினாள். "வாழைப்பழம் கொண்டு போங்கோ. மரியாதையா இருக்கும்."

"பத்தொன்பது வருசச் சிநேகிதத்துக்கு வாழைப்பழமோ?"

லட்டுகளைக் கடைப் பெட்டியோடு கொடுக்காமல், வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் அடுக்கினார். அதில் ஒரு கணக்கு இருந்தது. பெட்டி போனால் போனதுதான். பாத்திரம் போனால் திரும்பி வர வேண்டும். அதுவும் எந்த நல்ல குடும்பத்திலிருந்தும் வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு முறுக்காவது இருக்கும். அதைச் சாட்டாக வைத்து இவர் ஒரு நன்றி சொல்லப் போகலாம். போனால் கதைக்கலாம்.

மூன்றாம் மாடிக் கதவைச் சிகப்பி திறந்தாள்.

"வாங்கண்ணே. அவர் தூங்குறாரே," என்றாள் மெதுவாக. உள்ளே தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ 'நோ பால்' என்று கத்தினார்கள். அது காசியின் குரல்.

யோகநாதன் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் பாத்திரம் வந்தது. சிகப்பியே கொண்டுவந்து, "தப்பா நெனைக்காதீங்க அண்ணே, வேணாங்கிறார்" என்று வைத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்தார். முறுக்கு இல்லை. வெறுமையும் இல்லை. அதே லட்டு, பன்னிரண்டும், அடுக்கு கலையாமல் இருந்தன.

யோகநாதனின் காதுகள் சூடேறின. அவர் மூடியைத் திரும்பப் போட்டார். சுகிர்தம் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"பசிக்கேல்லை."

"ஏன்?"

"வயிறு சரியில்லை."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. இத்தனை அகராதி புரட்டியும் தெரியாத பொருள் இப்போது தொண்டையில் நின்றது. அது கோபமே இல்லை. நான் உனக்கு இவ்வளவுதானா என்று கேட்க விரும்பி, கேட்க முடியாமல் விழுங்கிவிட்ட ஒன்று அது. சுகிர்தம் லட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே போய், வாட்ச்மேன் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டு, வெறும் பாத்திரத்தோடு வந்தாள். அவர் தடுக்கவில்லை.

அடுத்த வெள்ளி அவர் எதுவும் எழுதவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் எழுதவில்லை. யாராவது கேட்பார்கள் என்று பார்த்தார். மூன்றாவது வெள்ளி ஒருவர் கேட்டார், தண்ணீர் மோட்டரைப் பற்றி.

நடை மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தினால் காசிக்குப் பயந்து நிறுத்தியது போல் ஆகிவிடுமே! ஐந்தரைக்கு இவர் தெஹிவளைப் பக்கம் திரும்புவார். காசி ஐந்தே காலுக்கே பம்பலப்பிட்டிப் பக்கம் போயிருப்பார். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒழுங்கை முனையில் எதிரும் புதிருமாக வந்துவிட்டார்கள். காசியின் கழுத்தில் வியர்வை ஓடியது. தன் கழுத்தில் ஓடவில்லை என்பதை யோகநாதன் கவனித்தார். மறுநாள் தெஹிவளை ஸ்டேஷன் வரை போனார். காசி கொள்ளுப்பிட்டியைத் தொட்டுவிட்டதாக வாட்ச்மேன் சொன்னான். யோகநாதன் அடுத்த நாள் தெஹிவளையையும் தாண்டினார்.

தேத்தண்ணிக் கடைக்கு இருவருமே போகவில்லை. 'மற்ற ஐயா எங்கே' என்று கடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிடப் பட்டினி சுகம். யோகநாதனின் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுகிர்தம் அவரின் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே வைத்தாள். என்ன காட்டியது என்று அவர் கேட்கவுமில்லை. உலகத்தில் எந்த எண்ணும் அப்போது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. காலையில் கடலில் ஒரு பெரிய கப்பலைக் கண்டால், அதைக் காட்டப் பக்கத்தில் ஆளில்லை. அது போதாதா ஒரு மனிதனைக் கவலைப்பட வைக்க?

ஆறாவது கிழமை ஒரு செவ்வாய் காலை, கடலுக்கு மேலிருந்து மழை ஒரேயடியாக இறங்கியது. யோகநாதன் ஓடிப்போய் வெள்ளவத்தை ஸ்டேஷன் கூரைக்குள் நுழைந்தார். அங்கே, தலையைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு காசி நின்றார். கூரை ஒழுகியதில் உட்காரும் வாங்கு முழுக்க ஈரம். இரண்டு பேர் இருக்கிற அளவுக்கு மட்டும் ஒரு மூலை காய்ந்திருந்தது.

இருவரும் நின்றார்கள். கோட்டைக்குப் போகிற ரயில் ஒன்று வந்து, நின்று, போனது. அதில் ஏறிவிடலாமா என்றுகூட யோகநாதன் யோசித்தார். கால் வலித்தது. முதலில் காசி உட்கார்ந்தார். பிறகு யோகநாதன் உட்கார்ந்தார்.

"வயிறு இப்ப எப்பிடி?" என்றார் யோகநாதன், கடலைப் பார்த்தபடி.

காசி பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு நெசமாவே வயிறு சரியில்ல, யோகு. மொதல் நாள் மாம்பழம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. நான் கடைசி வரைக்கும் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தேன். என்னை யாரும் எழுப்பல."

"பிறகேன் கோவம்?"

"என்னைப் பத்தி எழுதினதுக்கு இல்ல. வியாழக்கெழமை நீங்க எனக்குச் சொல்லிக் காட்டல. ஏதோ சிவனேன்னு அரிசி வெலையப் பேசிட்டு வந்தீங்க. எனக்குத் தெரியாம என்னைப் பத்தியே ஒண்ணு எழுதிட்டீங்களேன்னு இருந்துச்சு. வெள்ளிச்சொல் தொடங்கினதுலேர்ந்து அப்படி ஒரு வியாழக்கெழமை கெடையாது."

யோகநாதன் ஈரமான செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று யோசித்தார். மழை பலமாக இருந்தது. வேறு யாருக்கும் கேட்காது.

"அது நான், காசி."

"எது?"

"எழுப்பி விட்ட ஆள். என்ர சொந்த மச்சான்ர மகளின்ர கலியாணம். ரெண்டு வருசமாச்சு. பின்னுக்கு இருத்தினாங்கள். சாப்பிடாமல் வந்திட்டன். சுகிர்தத்துக்கும் வயிறு எண்டுதான் சொன்னனான். உம்மட்டச் சொன்னா நீர் சிரிப்பீர் எண்டுதான் அந்த வியாழன் வாய் திறக்கேல்லை."

"சிரிச்சிருப்பேன்தான்," என்றார் காசி. "சிரிச்சுட்டு, எழுந்திரிங்க, வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கன்னு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

யோகநாதனுக்குக் கண் கலங்கியது. மழைத் தண்ணியாக்கும் என்று துடைத்துக்கொண்டார். காசியும் கைலேஞ்சியை இன்னொரு தரம் எடுத்தார்.

"அந்த லட்டு, காசி..."

"எந்த லட்டு?"

"சரி விடும். லட்டுக் கதை இப்ப வேண்டாம்."

"நான் எழுதினது நல்லா இருந்துச்சா, இல்லையா? அந்த உப்பு?"

"என்ர முழுக் கட்டுரையையும்விட நல்லா இருந்தது. அந்த எரிச்சலிலதான் திருத்தினனான்."

காசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மழை விட்டதும் இருவரும் நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் தட்டை வைத்தார். ஆளுக்கு நாலு வடை, இரண்டு பணிஸ். பால் தேத்தண்ணியில் இரண்டாம் தரமும் சீனி போடச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கு 'சமாதானம்' என்ற சொல்லை எடுக்கலாமா, அல்லது நேரே 'வடை'யை எடுக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. அப்படியொரு காலை யோகநாதனுக்கு வாய்த்து எவ்வளவு நாளாயிற்று!

லிஃப்டில் மூன்றாம் மாடி வந்ததும் காசி அவரை விடவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"சிகப்பி, யார் வந்திருக்கான்னு பாரு! நாளையிலேர்ந்து பழையபடி சேந்துதான் நடை, சேந்துதான் கடை," என்று கூவிவிட்டு, ஈரச் சட்டையை மாற்ற உள்ளே போனார்.

சிகப்பி யோகநாதனின் வாயோரத்தில் ஒட்டியிருந்த சீனிச் சம்பலைப் பார்த்தாள். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? எழுதினது இவரைத்தான்னு படிச்சுக் காட்டினதே நான்தான், லட்டை அவர் கண்ணுல காட்டாமத் திருப்பினதும் நான்தான், மூணாம் மாடின்னு உங்களை எழுத வச்சது சுகிர்தம் அக்கா. டாக்டர் அஞ்சு வருஷமாச் சொல்லியும் எறங்காத சுகர் உங்க ரெண்டு பேருக்கும் ஆறே வாரத்துல எறங்கியிருக்கு, அந்த ரோசத்தைத் தீவாளி வரைக்குமாவது வச்சிருந்திருக்கக் கூடாதா?"